தள்ளிப்போடும் தமிழும் 'புட் ஆஃப்' ஆங்கிலமும்

'புட்' என்றால் வை அல்லது போடு. 'ஆஃப்' என்றால் விலகி, அப்பால். இரண்டும் சேர்ந்து 'புட் ஆஃப்' என்றானால் தள்ளிப்போடு. 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. 'கிவ் அப்' என்றால் கைவிடு. இப்படி ஓர் எளிய வினையோடு 'அப்', 'அவுட்', 'ஆஃப்', 'ஆன்', 'டவுன்' போன்ற சின்னச் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டு புதுப்பொருள் தந்தால், அதை ஆங்கில இலக்கணத்தில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்கிறார்கள். அந்தச் சின்னச் சொல்லை இங்கே ஒட்டுச்சொல் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடலூரிலோ சிதம்பரத்திலோ பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்த ஒருவருக்கு 'போஸ்ட்போன்' தெரியும், 'டாலரேட்' தெரியும், 'டிஸ்கன்டினியூ' நன்றாகவே தெரியும். 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'டிராப் அவுட்' என்றால் தயங்குவார். பெரிய சொல் தெரிந்திருக்கிறது, சின்னச் சொல் தெரியவில்லை. இது படிப்பவரின் குறையல்ல. ஆங்கிலம் தமிழ்நாட்டுக்குள் வந்த வழி அப்படி.

ஆங்கிலத்தில் வீட்டுப் பேச்சுக்கு ஓர் அடுக்கு, அலுவலகத்துக்கும் ஏட்டுக்கும் ஓர் அடுக்கு என்று இரண்டு உண்டு. கெட், டேக், புட், கிவ், கம், கோ போன்ற குட்டை வினைகள் பழைய ஆங்கிலத்திலிருந்தும் வடகடல் நாட்டார் மொழியிலிருந்தும் வந்தவை. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சும் லத்தீனும் நீதிமன்றத்திலும் கல்விச்சாலையிலும் அமர்ந்துகொண்டன. அந்த வழியில் வந்தவைதான் போஸ்ட்போன், டாலரேட், ரிஜெக்ட் எல்லாம். தமிழில் 'தொடங்கு' என்பதும் 'ஆரம்பி' என்பதும், 'தள்ளிவிடு' என்பதும் 'நிராகரி' என்பதும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்வதைப்போல அங்கே 'டர்ன் டவுன்', 'ரிஜெக்ட்' இரண்டும் வாழ்கின்றன.

தமிழ்நாட்டுக்கு ஆங்கிலம் கோட்டை வழியாகவும் கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகம் வழியாகவும் வந்தது. கடலூருக்கு அது மிக முன்பே வந்துவிட்டது. தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-ல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த எல்லைவரை உள்ள ஊர்கள் கம்பெனிக்கு என்பது பேச்சு; அவை குண்டு கிராமங்கள் என்றே பெயர்பெற்றன. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடமே கடலூர்தான். 1756-ல் ராபர்ட் கிளைவ் இந்தக் கோட்டையின் பொறுப்பை ஏற்றார். கடலூரில் இன்றும் கிளைவ் தெரு இருக்கிறது. ஆனால் ஊர்க்காரர்களுக்கு வந்து சேர்ந்த ஆங்கிலம் சிப்பாய்களும் மாலுமிகளும் தங்களுக்குள் பேசிய ஆங்கிலம் அல்ல. மனுவிலும் ரசீதிலும் தீர்ப்பிலும் எழுதப்பட்ட ஆங்கிலம்.

பின்னால் 1929-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. 1935 முதல் 1940 வரை அதன் துணைவேந்தராக இருந்தவர் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி. அவருடைய ஆங்கிலப் பேச்சை ஆங்கிலேயரே வியந்து, வெள்ளி நாவினர் என்றார்கள். அந்தத் தலைமுறை கண்ட உயரம் மேடை ஆங்கிலத்தின் உயரம். அதன் அருமையைக் குறைத்துச் சொல்லவேண்டியதில்லை. அடுப்படியிலும் தெருவிலும் புழங்கும் ஆங்கிலம் மட்டும் பாடத்திட்டத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

இந்த வினைகள் வெளியாரைத் திணறடிக்கும் என்பதை ஆங்கிலேயரே வெகுகாலம் முன்பு உணர்ந்திருந்தார்கள். சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையில், பிறமொழிக்காரருக்கு மிகப் பெரிய இடர் தருவது வினையும் ஒட்டுச்சொல்லும் சேரும் இந்தச் சேர்க்கைதான் என்று எழுதி, இவற்றைத் தாம் தனிக் கவனத்துடன் தொகுத்திருப்பதாகவும் சொன்னார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் அதற்கு மிகப் பிந்தியது. 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூல் வழியாகப் பரவியது.

ஜான்சன் சொன்ன வெளியார் கூட்டத்தில் தமிழரையும் அப்படியே சேர்த்துவிட முடியாது. மேலே 'என்று வைத்துக்கொள்ளலாம்' என்று ஒரு தொடர் வந்ததே, அதில் யாரும் எதையும் எங்கும் வைக்கவில்லை, யாரும் எதையும் கொள்ளவும் இல்லை. 'வைத்துக்கொள்' என்ற இரண்டு வினைகள் சேர்ந்து 'கருது' என்ற மூன்றாவது பொருளைத் தந்தன. இதைத் தமிழர் ஒரு நாளில் எத்தனை முறை செய்கிறார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. 'கண்டுபிடி' என்றால் கண்டு, பிறகு பிடிப்பதல்ல. 'விட்டுக்கொடு' என்றால் எதையும் விடவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம், மனம் இறங்கினால் போதும். 'போய்ச் சேர்ந்தார்' என்றால் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம், காலமாகியும் இருக்கலாம். எது என்பதைப் பேச்சின் தொனி சொல்லிவிடும். ஆங்கிலத்தில் 'பாஸ் அவே' செய்வதும் இதே வேலைதான். 'தள்ளிப்போடு' என்பதில் 'போடு' இருக்கிறது. 'புட் ஆஃப்' என்பதிலும் 'போடு' இருக்கிறது. இரண்டு மொழிகளும் கலந்து பேசி எடுத்த முடிவல்ல. வேலையைக் கையில் எடுத்த பொருளாகப் பார்க்கும் மனித மனம் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே நடந்திருக்கிறது.

இன்னொரு வகை இதைவிட நெருக்கமானது. திசையைச் சொல்லும் சொல்லோடு வினை சேர்வது: எதிர்பார், மேற்கொள், கீழ்ப்படி, உள்வாங்கு, வெளியேறு, முன்வா, பின்வாங்கு. இவை ஏறக்குறைய ஃப்ரேசல் வெர்ப்களேதான். மேல் என்பது 'அப்', கொள் என்பது 'டேக்'. 'டேக் அப்' என்றால் ஒரு பணியை மேற்கொள்வது. 'கம் ஃபார்வர்ட்' என்றால் உதவ முன்வருவது. 'பேக் அவுட்' என்றால் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குவது. வேறுபாடு வரிசையில் மட்டும். தமிழில் வினை கடைசியில் வரும், ஆகவே திசை முன்னால் போய் நிற்கிறது. ஆங்கிலத்தில் வினை முந்திக்கொள்வதால் திசை பின்னால் ஒட்டுகிறது.

துணைவினைகளையும் பார்க்கவேண்டும். விடு, கொள், வை, பார், தள்ளு, போ ஆகியவை இன்னொரு வினையின் பின்னால் வந்து அதற்குச் சாயம் ஏற்றுகின்றன. மொழியியலாளர் இ. அண்ணாமலை தமிழ் வினையின் இந்த விரிவை ஆராய்ந்து 1985-ல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். பிள்ளையிடம் "சாப்பிடு" என்பதற்கும் "சாப்பிட்டுவிடு" என்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டாவதில் தட்டில் எதுவும் மிஞ்சக்கூடாது. ஆங்கிலத் தாய் அதைத்தான் 'ஈட் அப்' என்கிறாள். 'டிரிங்க் அப்', 'யூஸ் அப்', 'ஃபினிஷ் அப்' எல்லாவற்றிலும் அந்த 'அப்' மேலே போவதைச் சொல்லவில்லை, செயல் முழுதாக முடிவதைச் சொல்கிறது. நம்முடைய 'விடு' செய்யும் வேலை.

'ஆன்' பல இடங்களில் நம்முடைய 'கொண்டே இரு'. 'கோ ஆன்', 'கேரி ஆன்', 'கீப் ஆன்' எல்லாம் தொடர்வதைச் சொல்பவை: பேசிக்கொண்டே இரு, செய்துகொண்டே இரு. 'ரைட் டவுன்' என்பதை எழுதிவை என்று கொண்டால் பொருள் சட்டென்று பிடிபடும். மறந்துவிடாதபடி நிலைநிறுத்தும் வேலையைத் தமிழில் 'வை' செய்கிறது, ஆங்கிலத்தில் 'டவுன்'. பாத்திரத்தை எடுத்துவை என்றால் 'புட் அவே'. சட்டையைப் போட்டுப்பார் என்றால் 'ட்ரை ஆன்'. புது மருந்தையோ புது வழியையோ செய்துபார் என்றால் 'ட்ரை அவுட்'. பக்கம் பக்கமாக ஒருவர் எழுதித் தள்ளுகிறாரே, அது 'சர்ன் அவுட்'.

ஒன்றுக்கு ஒன்று என்று எல்லா இடத்திலும் பொருந்திவிடும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். 'எரிந்துபோனது' என்ற ஒரு சொல் தமிழுக்குப் போதும். ஆங்கிலத்தில் கூரைவீடு எரிந்து தரைமட்டமானால் 'பர்ன் டவுன்', காகிதம் எரிந்து சாம்பலானால் 'பர்ன் அப்', எண்ணெய் தீர்ந்து விளக்கு தானே அணைந்தால் 'பர்ன் அவுட்'. ஒட்டுச்சொல் ஒவ்வொன்றும் ஒரு படத்தைக் காட்டுகிறது: வீடு கீழே சரிகிறது, காகிதம் இல்லாமலே போகிறது, சுடர் வெளியேறிவிடுகிறது. படத்தைப் பார்க்கப் பழகியவருக்கு மனப்பாடம் பாதியாகக் குறையும்.

தாய்மொழியில் இதுபோன்ற அமைப்பு இல்லாதவர்கள் ஃப்ரேசல் வெர்ப்களைத் தவிர்த்து ஒற்றைச் சொல் வினைகளையே நாடுகிறார்கள் என்பதை டகுட், லாஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-ல் ஹீப்ரு பேசும் மாணவர்களிடம் கண்டார்கள். டச்சு மொழியில் இதே அமைப்பு உண்டு. இருந்தும், நேர்ப்பொருளிலிருந்து விலகி நிற்கும் சேர்க்கைகளை டச்சு மாணவர்கள்கூடச் சில வேளைகளில் தவிர்த்தார்கள் என்று 1989-ல் ஹுல்ஸ்டைன், மார்ச்சேனா இருவரின் ஆய்வு காட்டியது. மொழியில் ஒன்று இருப்பது போதாது, இருப்பது கண்ணில் படவேண்டும். தமிழ் வகுப்பில் துணைவினை நடத்தப்படுகிறது, ஆங்கில வகுப்பில் ஃப்ரேசல் வெர்ப் நடத்தப்படுகிறது. இரண்டும் ஒரே பள்ளியில், சில நேரம் ஒரே நாளில். இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டுவதற்கு ஒரு பாடவேளை ஒதுக்கினால் பிள்ளைகள் எவ்வளவோ சிரமம் தப்புவார்கள்.

இந்த வினைகளில் கணிசமானவை பெயர்ச்சொல்லாக வேடம் மாறித் தமிழுக்குள் குடியேறியும்விட்டன. செட்டப், பிக்கப், மேக்கப், கெட்டப், லாக்கப், பில்டப், ஷட்டவுன், கட்டவுட், கட்-ஆஃப். பொறியியல் சேர்க்கைக் காலத்தில் கட்-ஆஃப் என்ற சொல் பேசப்படாத வீடு இல்லை. நெய்வேலி அனல் மின் நிலையத்திலும் சிப்காட் ஆலைகளிலும் ஷிஃப்ட் மாறும்போது 'ஹேண்ட் ஓவர்' நடக்கிறது. மின்வாரியம் பராமரிப்புக்கு ஷட்டவுன் எடுக்கிறது. பெயராகத் தெரிந்த இவற்றை வினையாகத் திருப்பிப்போட்டாலே இருபது முப்பது வினைகள் கையில் இருக்கும். 'ஷட் டவுன்' என்றால் இயங்குவதை நிறுத்து, 'பில்ட் அப்' என்றால் சிறுகச் சிறுகச் சேர்த்து உயர்த்து, 'கட் ஆஃப்' என்றால் துண்டி.

இந்தச் சொற்களைத் தமிழர் எழுதும் விதத்தில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. 'செட்', 'அப்' என்று யாரும் பிரித்து எழுதுவதில்லை; செட்டப் என்று ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். 'கட்', 'அவுட்' இரண்டும் கட்டவுட் ஆயின. ஆங்கிலேயர் பேசும்போதும் முதல் சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் உயிரோடு புணர்ந்துதான் ஒலிக்கிறது. உடல்மேல் உயிர்வந்து ஒன்றும் இயல்பைத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். ஆங்கிலப் படங்களில் 'கெட் அப்', 'பிக் இட் அப்', 'ஹேங் ஆன்' எல்லாம் காதில் விழாமல் நழுவுவதற்குக் காரணம் இந்தப் புணர்ச்சி. கெட்டப், பிக்கிட்டப், ஹேங்கான் என்று நம் வழக்கப்படி சேர்த்துச் சொல்லிப் பழகினால் கேட்பதும் எளிதாகும், சொல்வதும் சரியாக இருக்கும். அழுத்தம் விழும் இடத்தை மட்டும் கவனிக்கவேண்டும். வினையாகச் சொல்லும்போது அழுத்தம் பெரும்பாலும் ஒட்டுச்சொல்லில்: 'சுவிட்ச் இட் *ஆஃப்*'. பெயராக மாறினால் அழுத்தம் முன்னால் ஓடிவிடும்: '*செட்*டப்'.

அடுத்தது வரிசை. 'சுவிட்ச் ஆஃப் த ஃபேன்' என்றும் சொல்லலாம், 'சுவிட்ச் த ஃபேன் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் ஃபேனை 'இட்' என்று குறித்துவிட்டால் நடுவில்தான் வைக்கவேண்டும்: 'சுவிட்ச் இட் ஆஃப்'. 'சுவிட்ச் ஆஃப் இட்' தவறு. இன்னொரு கூட்டம் எந்த நிலையிலும் பிரியாது. 'லுக் ஆஃப்டர்', 'லுக் ஃபார்', 'கெட் ஓவர்', 'ரன் இன்டு' ஆகியவை அந்தக் கூட்டம். 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்பது ஒன்றே வழி. நடுவில் சொல் நுழைவது நமக்கும் புதிதல்ல. "கண்டே பிடிக்க முடியல", "கொஞ்சம் விட்டுத்தான் கொடேன்" என்று கண்டுபிடியையும் விட்டுக்கொடுவையும் பிளந்து நடுவில் 'ஏ'யும் 'தான்'உம் நுழைத்துப் பேசுகிறோம். ஒட்டியிருப்பது எங்கே பிளக்கும் என்பது தாய்மொழியில் தானாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் அதையும் வினையோடு சேர்த்தே கற்கவேண்டும்.

ஒரு சேர்க்கைக்கு ஒரு பொருள் என்று இருந்தால் இவ்வளவு பாடில்லை. கார்ட்னர், டேவிஸ் இருவரும் பிரிட்டிஷ் ஆங்கிலத் தொகுப்பொன்றை அலசி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் புழங்கும் 100 ஃப்ரேசல் வெர்ப்களுக்குச் சராசரியாக ஐந்துக்கு மேல் பொருள் இருப்பதைக் காட்டினார்கள். அதே ஆய்வில் ஆறுதலும் உண்டு: இருபது வினைகளும் எட்டு ஒட்டுச்சொற்களும் சேர்ந்து உண்டாக்கும் சேர்க்கைகளே அந்தத் தொகுப்பில் பாதிக்கு மேல். அந்த எட்டு: அவுட், அப், ஆன், பேக், டவுன், இன், ஓவர், ஆஃப். 1989-ல் வந்த கோலின்ஸ் கோபில்ட் ஃப்ரேசல் வெர்ப் அகராதியில் 3,000-க்கு மேற்பட்ட சேர்க்கைகள் இருந்தாலும், கார்னியர், ஷ்மிட் இருவரும் 2015-ல் கற்பவர்களுக்காக வகுத்த பட்டியல் 150-ஓடு நின்றுவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் சராசரியாக இரண்டு பொருள் தெரிந்தால் பெரும்பாலான இடங்களைச் சமாளித்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

பல பொருள் கொண்ட ஒன்றை எப்படிப் பிடிப்பது என்பதற்கு 'டேக் இன்' நல்ல எடுத்துக்காட்டு. வகுப்பில் ஆசிரியர் சொல்வதை உள்வாங்குவது 'டேக் இன்'. இது நமக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது: உள் என்பது 'இன்', வாங்கு என்பது 'டேக்'. புயல் நேரத்தில் வீடிழந்தவர்களை அழைத்துத் தங்கவைப்பதும் 'டேக் இன்'. இனிக்கப் பேசி ஒருவரை ஏமாற்றிவிடுவதும் அதுவே. அவர் 'டேக்கன் இன்' ஆகிவிட்டார், வலைக்குள் போய்விட்டார். நான்காவது பொருளுக்குத் தையற்கடைக்குப் போகவேண்டும். தொளதொளவென்று இருக்கும் ரவிக்கையைக் கொடுத்து, "பக்கத்துல கொஞ்சம் பிடிங்கண்ணே" என்கிறார்களே, அந்தப் 'பிடி' ஆங்கிலத்தில் 'டேக் இன்'. இறுக்கமாக இருந்தால் "பிரிச்சு விடுங்க" என்பார்கள். அது 'லெட் அவுட்'. கால்சட்டையின் நீளத்தை மடித்துத் தைத்துக் குறைப்பது 'டேக் அப்'. நாலு பொருளிலும் ஏதோ ஒன்று வெளியிலிருந்து உள்ளே போகிறது: அறிவு, ஆள், ஏமாந்தவர், துணி. அந்த ஓர் அசைவைக் கண்டுகொண்டால் நாலையும் தனித்தனியே நெட்டுருப் போடவேண்டியதில்லை.

இங்கே தமிழ் வேறு திசையில் போவதையும் சொல்லவேண்டும். 'கடல் உள்வாங்கியது' என்ற செய்தி கேட்டாலே 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நெஞ்சு திடுக்கிடும். அந்த உள்வாங்குதலுக்கு 'டேக் இன்' பொருந்தாது. கடல் கரையை விட்டு விலகிப் போவதால் அங்கே 'புல் பேக்', 'டிரா பேக்'.

கடலூர்க்காரர்கள் பாடநூலைவிட வானிலைச் செய்தியில் இந்த வினைகளை நன்றாகக் கற்கலாம். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்துப் போட்ட நாளை மாவட்டத்தில் மறந்தவர்கள் குறைவு. அந்த ஒரு நாளை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பதே நல்ல பயிற்சி. இரவில் காற்று வலுத்தது: 'பிக்டு அப்'. மரங்களைச் சாய்த்தது: 'புளூ டவுன்'. கூரைகளைப் பிய்த்து எறிந்தது: 'புளூ ஆஃப்'. ஊர்கள் துண்டிக்கப்பட்டன: 'கட் ஆஃப்'. பிறகு காற்று அடங்கியது: 'டைடு டவுன்'. அடங்குவதற்கெல்லாம் ஆங்கிலம் 'டவுன்' போடுவதைக் கவனிக்கலாம். மனிதர் அடங்கினால் 'காம் டவுன்', புழுதி அடங்கினால் 'செட்டில் டவுன்'. புயல் ஓய்ந்து கடந்துபோனால் 'புளோ ஓவர்'. பங்காளிச் சண்டை ஒன்று சில நாளில் தானே ஓய்ந்துவிட்டாலும் அதே 'புளோ ஓவர்'தான்.

மழைக்காலத்தில் குழப்பம் தரும் ஓர் இணை உண்டு. தேர்வு வேறு தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டால் 'புட் ஆஃப்'. அடியோடு ரத்தானால் 'கால்டு ஆஃப்'. இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டால் விடுதி மாணவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. ஏறு, இறங்கு என்ற இரண்டு சொல் தமிழுக்குப் போதும். பேருந்து, கார், ஆட்டோ, படகு எதுவானாலும் அதே சொல். ஆங்கிலத்தில் நின்று நடக்க இடமுள்ள பேருந்து, ரயில், கப்பல் என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. குனிந்து நுழைந்து உட்காரவேண்டிய கார், ஆட்டோ என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் போகும் துடுப்புப் படகும் இரண்டாவது வகைதான்; அதில் எழுந்து நடக்க முடியாதே. "அடுத்த ஸ்டாப்பில் கெட் டவுன்" என்று இந்தியாவில் எல்லோரும் சொல்கிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது. லண்டனிலோ டொரன்டோவிலோ அந்த இடத்தில் 'கெட் ஆஃப்' எதிர்பார்ப்பார்கள்.

இப்படி இந்திய ஆங்கிலம் தனக்கென்று வளர்த்துக்கொண்டவை வேறு சிலவும் உண்டு. அரசு அலுவலகங்களில் கோப்பை மேலதிகாரியின் பார்வைக்கு வைப்பதற்கு 'புட் அப்' என்று குறிப்பெழுதுவார்கள். அது அலுவலகத்துக்குள் சரியான, துல்லியமான வழக்கு. வெளியே 'புட் அப்' பந்தல் போடுவதைக் குறிக்கும், விலையை ஏற்றுவதைக் குறிக்கும், ஆருத்ரா தரிசனத்துக்கு வந்த உறவினரை வீட்டில் தங்கவைப்பதைக் குறிக்கும். 'வித்' சேர்ந்துவிட்டால் பொறுத்துக்கொள்வது. 'பாஸ் அவுட்' என்பதுதான் அதிக எச்சரிக்கை வேண்டியது. அண்ணாமலை நகரில் படித்து முடித்தவர் '2010 பாஸ் அவுட்' என்று பெருமையோடு சொல்வார். ராணுவப் பயிற்சிக்கூடத்தில் பயிற்சி முடிப்பதற்கு அந்தச் சொல் ஆங்கிலேயரிடமும் உண்டு. ஆனால் அன்றாடப் பேச்சில் அவர்களுக்கு 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது. வெளிநாட்டு நேர்முகத் தேர்வில் 'கிராஜுவேட்டட்' என்றே சொல்லிவிடுவது நல்லது. 'கோப்' என்ற வினையோடு 'அப்' சேர்த்து 'கோப் அப் வித்' என்பது மட்டும் எந்த வழக்கிலும் ஏற்கத்தக்கதாக இல்லை. 'கோப் வித்' போதும்.

எங்கே பயன்படுத்துவது என்பதும் பயிற்சியின் பகுதி. தலைமையாசிரியருக்கு எழுதும் விடுப்புக் கடிதத்தில் 'சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' இருக்கட்டும், தவறில்லை. தோழிக்கு அலைபேசியில் சொல்லும்போது 'கம் டவுன் வித் ஃபீவர்' என்றால் பேச்சு போலிருக்கும்; குணமானதும் 'காட் ஓவர் இட்'. வாசிப்பில் எல்லாவற்றையும் அடையாளம் காணத் தெரியவேண்டும், எழுத்தில் இடம் பார்த்துப் போடத் தெரியவேண்டும். ஒற்றைச் சொல் வினைகளைக் கைவிடச் சொல்வதல்ல இது. அவை கடிதத்துக்கும் கட்டுரைக்கும் என்றும் தேவை.

பயிற்சி என்றதும் அகரவரிசைப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு 'பிரேக்'கின் கீழ் பத்து, 'பிரிங்'கின் கீழ் பத்து என்று உருப்போடுவது பழைய வழி. அதில் 'பிரேக் அப்', 'பிரேக் டவுன்', 'பிரேக் அவுட்', 'பிரேக் இன்' எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மங்கிவிடும். வினையை விட்டு ஒட்டுச்சொல்லைப் பிடிப்பது மேல். ஒரு வாரம் முழுக்க 'அவுட்' என்று வைத்துக்கொண்டால், அது வெளியே போவது ('கோ அவுட்'), வெளிப்படுவது ('ஃபைண்ட் அவுட்', 'பாயின்ட் அவுட்'), தீர்ந்தோ அணைந்தோ போவது ('ரன் அவுட்', 'புட் அவுட்') என்று மூன்று படங்களில் அடங்கிவிடுகிறது. பெட்ரோல் தீர்ந்தால் 'ரன் அவுட்'. தெருக் கிரிக்கெட்டில் தினமும் கத்தும் ரன் அவுட்டுக்குப் பொருள் வேறு, ஆனால் சொல் ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது. கிரிக்கெட் வருணனையே நல்ல பயிற்சிக்களம். புதுப் பந்தைச் சமாளித்து அனுப்பினால் 'சீ ஆஃப்', பந்துவீச்சாளரைக் கொண்டுவந்தால் 'பிரிங் ஆன்', நிலைத்து நின்று ஆடினால் 'டிக் இன்'.

நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வினைக்கும் மூன்று வரி போதும். முதல் வரியில் வினை. இரண்டாவதில் அதற்குப் பொருந்தும் தமிழ்க் கூட்டுச்சொல். 'பார்த்துக்கொள்', 'எழுதிவை', 'பின்வாங்கு' போல ஒட்டிய வடிவிலேயே இருக்கவேண்டும், ஒற்றைச் சொல் விளக்கம் வேண்டாம். மூன்றாவதில் அன்று உண்மையில் நடந்த ஒன்றைப் பற்றிய ஆங்கில வாக்கியம்: பாட்டியை யார் பார்த்துக்கொண்டார்கள், பேருந்தில் எங்கே இறங்கியது, எந்த வேலை தள்ளிப்போனது. நடந்ததை எழுதினால் வாக்கியம் மனத்தில் நிற்கும், கற்பனை வாக்கியம் மறுநாளே போய்விடும். எழுதியதை வாய்விட்டு, விழவேண்டிய இடத்தில் அழுத்தம் கொடுத்து, சேர்த்துச் சொல்லவேண்டும். 'இட்', 'ஹிம்', 'ஹெர்' நுழைத்து ஒருமுறை மாற்றிச் சொன்னால் அது பிளக்கும் வகையா பிளக்காத வகையா என்பதும் தெரிந்துவிடும்.

கற்றது முதல் சில நாள்களில்தான் வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-ல் எழுதினார். ஆகவே ஒரே நாளில் பத்து முறை படிப்பதைவிட மறுநாள் ஒருமுறை, நாலு நாள் கழித்து ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை என்று பார்ப்பது பலன் தரும். பார்க்கும்போது ஆங்கில வரியை மூடிவைத்துத் தமிழ் வரியிலிருந்து ஆங்கிலத்தை வரவழைக்கவேண்டும். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழைச் சொல்வது எளிது, அது பேசத் துணை செய்யாது. நாளைக்கு மூன்று என்று தொடங்கினால் 150-ம் ஐம்பது நாளில் ஒரு சுற்று வந்துவிடும், எட்டு ஒட்டுச்சொற்களுக்கு எட்டு வாரம் என்று எடுத்தாலும் ஏறத்தாழ அதே கணக்குதான். ஆடித் திருநாளுக்குத் தொடங்குகிறவர் புரட்டாசிக்குள் முடித்துவிடலாம், ஐப்பசி மழையில் தேர்வு தள்ளிப்போகும்போது அதை 'புட் ஆஃப்' என்று யோசிக்காமல் சொல்லவும் செய்யலாம்.